அண்டிச் சாக்கில் இருந்த இரண்டு துறைமுகங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த, ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளைப் பற்றிய முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். வெடித்த மண்ணில் குந்தியிருக்கும் ஒரு பெண்ணின் படத்தோடு தொடங்கி, துண்டு துண்டாகக் கிடக்கும் நிலங்களை ஒன்றாக்கிப் பெரும் பண்ணைகளாக மாற்றினாலொழிய அக்கண்டத்துக் கிராமங்களுக்கு விடிவு இல்லை என்று அது முடிந்திருந்தது. எழுதியவரின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த முடிவு தவறு என்று தோன்றுகிறது. அதே முடிவை நாளை நம் கன்னியாகுமரி மாவட்டத்து விளைகளை, அதாவது சிறு தோட்ட நிலங்களைப், பற்றியும் ஒருவர் எழுதிவிடலாம் என்பதால் பேசாமல் இருக்கவும் முடியவில்லை. கடிதம் நீண்டுவிட்டது. இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால் மரச்சீனியை (மரவள்ளியை) பற்றிய பகுதியை மட்டுமாவது விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஆப்பிரிக்காவைப் பார்த்தவன் அல்லன். கல்குளம் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீஸில், அதாவது வெளியூர் வாசகர்கள் முந்திரிப் பருப்பு ஆலை என்று சொல்லும் இடத்தில், 31 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இப்போது 70 சென்ட் விளையில் வாழையும் மரச்சீனியும் சேம்பும் காய்ச்சிலும் வைத்து, இரண்டு பிலாமரங்களில் நல்லமிளகுக் கொடி ஏற்றி, ஒரு பசுவோடு காலம் தள்ளுகிறேன். ஆப்பிரிக்காவின் சிறு விவசாயி என்று சொன்னால் பெரும்பாலும் 2 ஹெக்டேருக்குக் கீழே வைத்திருப்பவரைக் குறிக்கிறார்கள். 2 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய ஐந்து ஏக்கர். நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசும் எங்கள் ஊரில் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரைச் சிறு விவசாயி என்று சொன்னால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆலைக்கு வரும் அண்டியில், அதாவது உடைக்காத முந்திரிக்கொட்டையில், மிகப் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் ஊர்க் கொல்லாமரங்கள், அதாவது முந்திரி மரங்கள், மாசி தொடங்கிச் சித்திரை வைகாசிவரை காய்த்து ஓய்ந்துவிடும். அந்த விளைச்சலை நம்பி ஆலை நடத்தினால் மீதி மாதங்களில் பூட்டுத்தான் போட வேண்டும். ஐவரி கோஸ்ட், கினி-பிசாவ், கானா, பெனின் ஆகிய மேற்குக் கரை நாடுகளில் பிப்ரவரி முதல் ஜூன்வரையும், நடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் அக்டோபர் முதல் ஜனவரிவரையும் அறுவடை நடப்பதால், அந்த இரண்டு பருவங்களுக்கும் இடையில் எங்கள் ஆலை மூச்சு விட்டது. சரக்கு வந்த அன்று மூட்டைகளில் இருந்து ஒரு கிலோ மாதிரி எடுப்போம். எத்தனை அண்டி என்று எண்ணி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நல்ல பருப்பு, சுருங்கியது, பூசணம் பிடித்தது, சொத்தை என்று பிரித்து எடை போட்டு, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை ராத்தல் (பவுண்டு) பருப்பு தேறும் என்று கணக்கிடுவோம். 47 ராத்தல் என்றால் முதலாளியின் முகம் கறுக்கும். 53 என்றால் தேநீர் வரும். பிசாவ் சரக்கு பெரும்பாலும் தேநீர் ரகம். மரத்தடியில் விழுந்ததைத் தாமதிக்காமல் பொறுக்கி, பழத்தைத் திருகி எடுத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சாக்கில் அடைத்த ஒரு குடும்பத்தின் கைப்பக்குவம்தான் அந்த ராத்தல் கணக்கில் கூடுதலாகவோ குறைவாகவோ வந்து நிற்கிறது. பெண்களில் ஒருவர் தோடு (மேல் ஓடு) உடைக்கும் பலகையிலிருந்து நிமிர்ந்து, “சாரே, இது எந்த ராஜ்யத்து அண்டி? தோடு கல்லு மாதிரி இருக்கு” என்று கேட்பார். சாக்கைப் பார்த்து ஊர்ப் பெயரைச் சொல்வேன். அப்படி நான் அதிகம் வாசித்த பெயர்கள் இரண்டு: தான்சானியாவின் முத்வாரா, பெனினின் கொத்தொனு.

முத்வாராவின் கதையைக் கட்டுரையாளர் அவசியம் படிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் சமையல் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, தங்கள் ஆட்சியில் இருந்த தங்கனிக்காவில் (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) பல லட்சம் ஏக்கர் காட்டை அழித்து நிலக்கடலை பயிரிடலாம் என்று அந்நாட்டு அரசு திட்டமிட்டு 1947இல் வேலையைத் தொடங்கியது. சிறு நிலம் இல்லை, பழங்காலக் கலப்பை இல்லை, அரசின் பணமும் நூற்றுக்கணக்கான டிராக்டர்களும் உண்டு. அதாவது கட்டுரையாளர் கேட்கும் அத்தனையும் அங்கே இருந்தது. கொங்வா என்ற இடத்தில் மழை எப்படிப் பெய்யும் என்பதையும், அங்குள்ள களிமண் கோடையில் காய்ந்தால் எவ்வளவு இறுகும் என்பதையும் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இறுகிய மண்ணுக்குள் கடலை மாட்டிக்கொண்டது, வேர்களில் மோதி இயந்திரங்கள் உடைந்தன. 1951இல் திட்டம் கைவிடப்பட்டபோது சுமார் 36 மில்லியன் பவுண்டு கணக்கிலிருந்து தள்ளுபடி செய்யப்பட்டது. அந்தத் திட்டத்தின் தெற்குப் பகுதிக் கடலையை ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட ஆழ்கடல் துறைமுகம்தான் முத்வாரா. எதிர்பார்த்த கடலை வரவே இல்லை. அதற்காகப் போட்ட ரயில் பாதையையும் பின்னர் பெயர்த்துவிட்டார்கள். பெரும் பண்ணைக்காகக் கட்டிய அந்தத் துறைமுகத்துக்குப் பிற்காலத்தில் பிழைப்புக் கொடுத்தது, சுற்றியுள்ள கிராமங்களில் சில ஏக்கர் கொல்லாமரம் வைத்திருக்கும் குடும்பங்களின் அண்டி. அதைத்தான் நாங்கள் குமரி மாவட்டத்தில் உட்கார்ந்து பிளந்து எண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்தக் குடும்பங்களுக்குக் குறை நிலத்தின் அளவில் இருக்கவில்லை, விலையில் இருந்தது. வீட்டு வாசலில் வந்து நிற்கும் தரகர் சொன்னதுதான் விலை என்ற நிலையை மாற்ற, 2007 முதல் முத்வாராப் பகுதியில் ஒரு முறை கொண்டுவரப்பட்டது. விவசாயி தன் அண்டியைக் கிராமக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகக் கிடங்கில் சேர்த்து ரசீது பெறுவார். கிடங்கில் சேர்ந்த சரக்கு ஏலத்துக்கு வரும். வாங்குவோர் விலை கேட்க வேண்டும். 2018இல் ஏலத்தில் கேட்கப்பட்ட விலை மிகக் குறைவு என்று விவசாயிகள் விற்க மறுத்தார்கள். அப்போதைய அதிபர் மகுஃபுலி, கிலோவுக்கு 3,300 ஷில்லிங் கொடுத்து அரசே வாங்கும் என்று அறிவித்து, அண்டியை ஏற்றி வர ராணுவத்தை அனுப்பினார். எங்கள் ஆபீஸில் அன்று அவரைத் திட்டாதவர் இல்லை. எனக்கு மட்டும் உள்ளூரச் சிறிது பொறாமை. அந்த அறிவிப்பு பின்னர் அரசுக்கே சுமையாகி, விவசாயிகளுக்குப் பணம் வரத் தாமதமானதும் உண்மை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கொடுக்கும் விலை போதாது என்று சொல்லிச் சரக்கைக் கிடங்கிலேயே நிறுத்திவைக்கும் பிடி அவர்கள் கையில் இருந்ததல்லவா? 2011இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ரப்பர் ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியபோது, குலசேகரத்திலும் அருமனையிலும் அரை ஏக்கர் ரப்பர் வைத்திருந்தவருக்கு அந்தப் பிடி இல்லை. பால் வெட்டும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று பலர் மரத்தைச் சும்மா விட்டார்கள். வீட்டில் அவசரம் உள்ளவர்கள் புகை போடாத ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் கடைக்காரர் சொன்ன விலைக்கே போட்டுவிட்டு வந்தார்கள்.

ரப்பரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கிளிமாஞ்சாரோ மலைச் சரிவில் சாகா மக்கள் தலைமுறை தலைமுறையாக வைத்துவரும் வீட்டுத் தோட்டத்தைக் கிஹம்பா என்கிறார்கள். உயர்ந்த மரங்கள் மேலே, அதன் கீழே வாழை, வாழை நிழலில் காப்பிச் செடி, தரையில் கிழங்கும் கீரையும், வீட்டை ஒட்டிய தொழுவத்தில் மாடு, மாட்டுச் சாணம் வாழை மூட்டுக்கு, மலை ஓடையிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த சிறு வாய்க்கால். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு, உலகின் மரபுரிமை வேளாண் முறைகளில் ஒன்றாக அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வாசித்தபோது என் பாட்டியின் விளையை யாரோ எழுதி வைத்ததுபோல் இருந்தது. காப்பிக்குப் பதில் நல்லமிளகு, அவ்வளவுதான் வேறுபாடு. நாம் அந்த விளைகளில் பாதியை ஒற்றை ரப்பருக்குக் கொடுத்துவிட்டு, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் ஒரே இரவில் மரங்களை முறித்துப் போட்டபோது, அடுத்த ஏழு ஆண்டுக்கு வருமானம் எங்கே என்று விழித்தோம். அன்று என் விளையிலும் வாழை முழுவதும் சாய்ந்தது. மண்ணுக்குள் இருந்த மரச்சீனி மட்டும் அசையவில்லை.

இனி மரச்சீனிக்கு வருகிறேன். மற்ற மாவட்டத்தார் மரவள்ளி என்றும் குச்சிக்கிழங்கு என்றும் சொல்வது இதைத்தான். தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் நம் மேற்குக் கடற்கரைக்கும் வந்த பயிர் இது. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இதைப் பரப்புவதில் முனைப்புக் காட்டினார். 1942இல் பர்மா அரிசி நின்றுபோனபோது, அன்று திருவிதாங்கூரில் இருந்த எங்கள் பகுதி உயிர் பிழைத்தது அவித்த மரச்சீனியால்தான் என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தோம். ஆப்பிரிக்காவிலோ இது இன்றும் கோடிக்கணக்கானவர்களின் அன்றாடச் சோறு. மழை தவறினாலும் மண்ணுக்குள் காத்திருக்கும், வேண்டும்போது பிடுங்கிக்கொள்ளலாம் என்பதால் ஏழையின் பத்தாயம் என்றே அதைச் சொல்லலாம்.

அந்தப் பத்தாயத்தில் 1970களின் தொடக்கத்தில் ஒரு மாவுப்பூச்சி புகுந்தது. தென் அமெரிக்காவிலிருந்து, நடவுக்காக வெட்டிய மரவள்ளித் தண்டுகளான கம்புகளோடு வந்திருக்க வேண்டும். 1973இல் அன்றைய ஜயர், இன்றைய காங்கோவில் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் கண்டத்தின் மரவள்ளி விளையும் நாடுகள் எங்கும் பரவியது. இந்தப் பூச்சிக்கு ஆணே தேவையில்லை. பெண் தனியாகவே முட்டையிட்டுப் பெருகும். நுனிக்குருத்தில் கூடிச் சாற்றை உறிஞ்ச, கணுக்கள் நெருங்கி, இலைகள் சுருண்டு, செடியின் தலை ஒரு கொத்தாகக் குறுகிவிடும். கிழங்கு மட்டும் அல்லாமல் அடுத்த நடவுக்கான கம்பும் கெட்டுவிடும் என்பதுதான் இதில் பெரிய அடி. மருந்து வாங்கித் தெளிக்க அந்த விவசாயிகளிடம் பணம் கிடையாது. தெளித்தாலும் மாவுப் படலத்துக்குள் அது எளிதில் இறங்காது.

நைஜீரியாவின் இபாதானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரரும் அவருடைய குழுவினரும் வேறு வழியில் யோசித்தார்கள். இந்தப் பூச்சி பிறந்த மண்ணில் இதைக் கட்டுப்படுத்தும் ஓர் எதிரி இருந்தாக வேண்டும் என்று தென் அமெரிக்காவில் தேடியதில், 1981இல் பராகுவே நாட்டில் அது அகப்பட்டது. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் புழு பூச்சியைத் தின்று தீர்க்கும். காய்ந்த கூட்டில் ஒரு துளை போட்டுக்கொண்டு அடுத்த குளவி வெளியே வரும். உரிய சோதனைகளுக்குப் பிறகு அதே ஆண்டு நைஜீரியாவில் விடத் தொடங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளில் நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். சில இடங்களில் விமானத்திலிருந்தும் விட்டார்கள். பெரும்பாலான இடங்களில் பூச்சி அடங்கியது. கோடிக்கணக்கான சிறு விவசாயிகள் இதற்காக ஒரு காசும் செலவழிக்கவில்லை, நிலத்தைச் சேர்க்கவில்லை, பயிரை மாற்றவில்லை. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இது அக்கரைச் சமாச்சாரம் என்று நாம் இருந்துவிட முடியாமல், 2020இல் அதே மாவுப்பூச்சி திருச்சூரில் தென்பட்டது. பிறகு நம் மாநிலத்தின் நாமக்கல், சேலம் பக்கத்து மரவள்ளிக் காடுகளில் பரவி, ஸ்டார்ச் ஆலைகளை நம்பிய விவசாயிகளைக் கலங்கடித்தது. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021இல் குளவியை வரவழைத்துப் பெருக்கியது; 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. குளவி எங்கிருந்து வந்தது என்று செய்தியில் தேடினேன். அந்தச் சர்வதேச நிறுவனத்தின் பெனின் நாட்டு நிலையத்திலிருந்து. அந்த நிலையம் இருப்பது கொத்தொனு நகரத்தின் அருகில். முப்பது ஆண்டுகளாக அண்டிச் சாக்கில் நான் வாசித்த அதே கொத்தொனு. உதவி வாங்கும் கண்டம் என்று கட்டுரை வர்ணித்த இடத்திலிருந்து நம் மரச்சீனிக்கு வந்த உதவி இது. இதைப் பற்றி நம் ஊரில் நான் விசாரித்த பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தெரியாததால் வந்த நட்டத்தை என் விளையிலேயே பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் சித்திரையில் நட்ட மரச்சீனியின் நுனி ஆடி மாதவாக்கில் கொத்துக் கொத்தாகச் சுருண்டு, விரலால் தொட்டால் வெள்ளை மாவு ஒட்டியது. பக்கத்து விளைக்காரர் கடையில் கொடுத்த ஏதோ ஒரு மருந்தை வாரத்துக்கு ஒருமுறை அடித்தார். நான் கைத்தெளிப்பானைத் தூக்கும் வயதில் இல்லை என்பதால் சுருண்ட நுனிகளை ஒடித்து எடுத்தேன். எரிப்பதற்கு முன் ஒரு விளையாட்டுப் புத்தியில் நாலைந்து நுனிகளைப் பழைய ஹார்லிக்ஸ் போத்தலில் போட்டு, வாயை வேட்டித் துணியால் கட்டி, திண்ணை நிழலில் வைத்தேன். பதினைந்து நாள் கழித்து உள்ளே எறும்பின் பாதி அளவில் சில பூச்சிகள் துணியை முட்டிக்கொண்டிருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் சிறகும் உணர்கொம்பும் தெரிந்தன. மாவுப்பூச்சிகள் சில பழுப்பு நிறத்தில் உப்பி, முதுகில் ஓட்டையோடு கிடந்தன. அது பராகுவேக் குளவியா, நம் ஊர்க் குளவியா என்று சொல்லப் படித்தவர்கள் வேண்டும். எதுவானாலும் அது மாவுப்பூச்சியின் வயிற்றிலிருந்து வந்தது. துணியை அவிழ்த்து விளையிலேயே விட்டேன். அதே வாரம் பக்கத்து விளையில் தெளித்த மருந்து பூச்சியை முழுதாகக் கொன்றதோ இல்லையோ, குளவியைக் கட்டாயம் கொன்றிருக்கும். 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோதும் இதே பாடம்தான். தெளித்துத் தெளித்து ஓய்ந்த பிறகு, 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த வேறொரு குளவிதான் அதை அடக்கியது.

ஆப்பிரிக்காவில் எல்லாமே சரியாக நடக்கிறது என்று நான் வாதாடவில்லை. 2003இல் மொசாம்பிக்கின் மாபுதுவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் பட்ஜெட்டில் 10 சதவீதத்தை வேளாண்மைக்கு ஒதுக்குவோம் என்று கையெழுத்திட்டார்கள். நிறைவேற்றிய நாடுகள் சில மட்டுமே. சத்து உறிஞ்சப்பட்ட மண்ணுக்கு உரமே போடாமல் காலம் தள்ளுவதை இயற்கை வேளாண்மை என்று புகழ்வதும் பொய். ஒரே உத்தரவில் ரசாயன உரத்தை நிறுத்திய இலங்கை 2021இல் பட்ட பாட்டை இங்கிருந்து பார்த்தோம். நான் சொல்வது, பணம் குறைந்த இடத்தில் மூளையையும் கையையும் கொண்டு அவர்கள் சாதித்தவற்றை நாம் பாடமாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான். புர்கினா ஃபாசோவின் யாகூபா சவாதோகோ, கெட்டித்துப்போன மண்ணில் கோடையிலேயே சிறு குழிகள் தோண்டிச் சாணம் இட்டு, அதைத் தேடி வரும் கரையான்களே மண்ணைத் துளைத்து மழைநீருக்கு வழி விடும்படி செய்தார். பழைய முறையை அவர் திருத்திக் காட்டியதால் பாழ்நிலம் விளைந்தது, மரமும் வளர்ந்தது. நைஜரின் மராடிப் பகுதியில் 1980களில் தொடங்கி, புதுக் கன்று நடாமல், வெட்டுண்ட மரங்களின் உயிருள்ள வேர்களிலிருந்து வரும் துளிர்களில் நல்லதைத் தேர்ந்து காத்தே பல லட்சம் ஹெக்டேரில் மரம் கொண்டுவந்தார்கள். மரம் அரசுக்குச் சொந்தம் என்ற பழைய சட்டத்தின் பிடி தளர்ந்து, காத்தவனுக்கே அது பயன்படும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் அது பரவியது என்பதை, சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்ட அனுமதிக்கு அலைந்த நம் மலையோர விவசாயிகள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

இவற்றைவிட நமக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது கென்யாவின் விக்டோரியா ஏரிக்கரையில் வளர்ந்த ஒரு முறை. அங்கே மக்காச்சோளத்துக்கு இரண்டு எதிரிகள்: தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி, வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சும் சுடுமல்லி என்ற களை. நைரோபியின் சர்வதேசப் பூச்சி ஆய்வு மையத்தில், இந்தியாவிலிருந்து போன ஜியாவுர் கான் என்ற விஞ்ஞானியும் பிரிட்டனின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தாரும் சேர்ந்து 1990களில் ஒரு வழி கண்டார்கள். சோள வரிசைகளுக்கு இடையில் டெஸ்மோடியம் என்ற பயறுவகைக் கொடி. வயலைச் சுற்றி நேப்பியர் புல். கொடியின் வாசனை தாய் அந்துப்பூச்சியை விரட்டும், புல் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கொடியின் வேர் சுடுமல்லியை ஒடுக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். சோளம் கூடியதைவிட, கொடியும் புல்லும் மாட்டுக்குத் தீவனமானதுதான் பல வீடுகளில் பெண்களை இதன் பக்கம் கொண்டுவந்திருக்கிறது. பால் விற்ற காசு அவர்கள் கையில் நிற்கும். ரப்பர்க் கன்றுக்கு இடையே மூடாக்குப் பயறு போட்டுப் பழகியவர்கள் நாம். வாழைக்கும் மரச்சீனிக்கும் இடையில் தீவனப் பயறு வைத்துப் பார்க்க நமக்குப் புதிய விஞ்ஞானம் தேவையில்லை, ஒரு வெள்ளோட்டம் போதும்.

மீண்டும் கொத்தொனு. 2024 ஏப்ரல் முதல் பச்சை அண்டியை ஏற்றுமதி செய்ய பெனின் அரசு தடை விதித்துவிட்டது. தங்கள் நாட்டிலேயே உடைத்துப் பருப்பாக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். உலகின் அண்டியில் பாதிக்கு மேல் விளைவிக்கும் கண்டம், அதன் பெரும்பகுதியைத் தோடோடு நமக்கும் வியட்நாமுக்கும் அனுப்பிவிட்டு, அந்த வேலையின் கூலியையும் சேர்த்தே அனுப்பிக்கொண்டிருந்தது. அது அவர்களுக்கு நியாயம் என்று என் மனது சொல்கிறது. ஆனால் என் கண் முன்னால் நிற்பவர்கள் எங்கள் ஆபீஸில் தோடு உடைத்த பெண்கள். தோட்டெண்ணெய் பட்டுத் தோல் உரியாமல் இருக்கச் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு, விரல் நுனியில் ரேகையே தெரியாத அளவுக்கு வேலை செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். மூட்டை வரத்து குறைந்தால் முதலில் வேலை நாள் குறைவது அவர்களுக்குத்தான். சேமநலநிதிக் கணக்கும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வேலை நாளோடு சேர்ந்தே தேயும். இதற்குப் பெனின் விவசாயியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. இந்த மாற்றம் வரும் என்று பத்து ஆண்டுகளாகத் தெரிந்தும், உள்ளூர்க் கொல்லாமரத்தைப் புதுப்பித்து நட நாம் செய்தது மிகக் குறைவு. நம் பக்கத்துத் தேரிகளிலும் மேடுகளிலும் இருந்த பழைய மரங்கள் ரப்பருக்கும் வீட்டு மனைக்கும் போய்விட்டன. இருக்கும் மரங்களின் கொல்லாம்பழமோ அப்படியே அழுகி மண்ணாகிறது.

அந்தப் பெண்களுக்காக இன்னொரு சிறு செய்தி. 1989இல் தருமபுரியில் நம் மாநிலத்து மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, மேலே சொன்ன அதே மராடியில் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் தொடங்கின. அங்கே வங்கியே இல்லாததால் வெளிக்கடனும் இல்லை. பணம் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கும். பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பெண்களிடம். எல்லோரும் கூடிய இடத்தில்தான் திறக்க முடியும். ஆண்டு முடிவில் சேமிப்பையும் வட்டியையும் பங்கிட்டுக்கொள்வார்கள். நம் குழுக்கள் அவர்களைவிடப் பெரிய தொகையைக் கையாளுகின்றன. ஆனால் இன்று எங்கள் தெருவில் வாரந்தோறும் காலை எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கும் தவணைக்காரரைப் பார்க்கும்போது, அந்த மூன்று பூட்டுப் பெட்டி எனக்கு நினைவு வராமல் இருப்பதில்லை.

ஆகவே தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் நமக்கு உண்டு. எல்லை தாண்டினால் ஒன்றரை மணி நேரத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம். இவை மூன்றும் பேசிவைத்துக்கொண்டு, நம் மாவட்டத்து மரச்சீனியில் எந்த மாவுப்பூச்சி இருக்கிறது, குளவி வந்து சேர்ந்ததா என்று ஒரு பருவம் பார்த்துச் சொல்ல வேண்டும். வராத ஊர்களில் ஏத்தாப்பூரில் செய்ததுபோல் விட ஏற்பாடு செய்ய வேண்டும். பூச்சி பிடித்த விளையிலிருந்து கம்பு வாங்குவதும், குளவி இருக்கும்போது மருந்து தெளிப்பதும் ஏன் கூடாது என்பதை மேடைப் பேச்சாக இல்லாமல், திங்கள்சந்தையிலும் மார்த்தாண்டம் சந்தையிலும் கம்புக் கட்டு விற்கும் இடத்திலேயே ஒரு தட்டி எழுதி வைத்தால் போதும். மற்றொரு வேண்டுகோள் தங்களுக்கு. ஆப்பிரிக்க விவசாயிகளைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது வெடித்த மண்ணின் படத்தோடு, அந்தக் குளவியின் படத்தையும் பெரிதாக்கிப் போடுங்கள். எங்கள் விளையில் அதை அடையாளம் காண எங்களுக்கு அது உதவும்.

மாசி பிறந்தால் கம்பு வெட்டத் தொடங்கிவிடுவோம். அறிவிப்பு அதற்கு முன் வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
சிறு விவசாயி, முன்னாள் அண்டி ஆபீஸ் கணக்கர்,
கல்குளம் வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.